கோரல்டிராவா, இல்லஸ்ட்ரேட்டரா, இங்க்ஸ்கேப்பா, கேன்வாவா? தோட்டப்புற நகரத்துக் கடைக்கு எது தோது

மலேசியாவில் சுங்கை சிப்புட், பகாவ், பெஸ்தாரி ஜெயா மாதிரியான ஊர்களில் கடை வரிசையின் மாடியில் ஒரு மேசைக் கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் என்று தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் திருவிழா நோட்டீஸ் வேலையைத் தலையில் கட்டிக்கொள்ளும் ஆலய நிர்வாகத்து இளைஞர்களும் இருக்கிறார்கள். எந்த டிசைன் மென்பொருளை வைத்துக்கொள்வது என்பதில் இரு தரப்புக்கும் குழப்பம். கூடவே வரும் புலம்பலும் பழக்கமானதுதான். தமிழ் எழுத்து உடைகிறது. பேனர் கோப்பைத் திறந்தால் கணினி நின்றுவிடுகிறது. திரையில் பார்த்த நிறம் அச்சில் இல்லை. பட்டணத்து அச்சகத்திலிருந்து "ஃபைல் திறக்கலைண்ணே" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வருகிறது.

இவற்றில் பலவற்றுக்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பழைய எழுத்துரு, தேவைக்கு மீறிய ரெசல்யூஷன், கோப்பு யார் கைக்குப் போகிறது என்று முன்பே கேட்காதது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் தேர்வை வேலையின் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவதே சரி.

## எதை வைத்து எடை போடுவது

கோப்பு எங்கே போகிறது. பேனர், பன்டிங் (நெட்டுவாக்கில் தொங்கும் பதாகை) அடிக்கும் இன்க்ஜெட் இயந்திரத்துக்கா, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆஃப்செட் அச்சகத்துக்கா, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கா, முகநூலுக்கா? மூன்று அச்சு வழிகளுக்கும் தேவை வேறு.

இன்க்ஜெட்டில் நிறத்தை மாற்றும் வேலையை இயந்திரத்தோடு வரும் ரிப் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவையில் கோப்பு கொடுத்தாலும் பெரிய கெடுதல் இல்லை. பளீரென்ற பச்சையும் ஊதாவும் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆஃப்செட்டில் கதை வேறு. ஆர்ஜிபி கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். 8 பாயிண்ட் தமிழ் எழுத்தில் நான்கு தகடும் மயிரிழை விலகினாலும் 'ஞ', 'ணை', 'ழு' போன்றவற்றின் உள்வளைவு அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் நிற நிழல் தெரியும். பத்திரிகையில் எழுத்துக்கு வெறும் கறுப்பு மை 100 விழுக்காடு மட்டுமே இருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாத மென்பொருள் பத்திரிகை வேலைக்கு ஆகாது.

வெட்டும் இயந்திரத்துக்கு நிறம் முக்கியமில்லை, கோடுதான் முக்கியம். சில எழுத்துருக்களில் ஒரே எழுத்து இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உருவாகியிருக்கும். திரையில் தெரியாது. கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பினால் கத்தி எழுத்தின் வயிற்றுக்குள்ளும் ஒரு கோடு வெட்டும். அனுப்பும் முன் அவுட்லைன் பார்வையில் பார்த்து, ஒட்டிவிட வேண்டும். கோரல்டிராவில் அது வெல்ட், இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டர் யுனைட், இங்க்ஸ்கேப்பில் பாத் யூனியன்.

தமிழ் எழுத்து. நம் ஊர்க் கணினிகளில் இரண்டு உலகங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ பிற ஐரோப்பிய எழுத்துகளின் இடத்திலோ தமிழ் உருவங்களைப் பொருத்திய பழைய குறியீட்டு எழுத்துருக்கள். பாமினி வகை, டிஸ்கி வகை, டாப், டாம் எல்லாம் இதில் அடக்கம். இன்னொன்று, தமிழுக்கென்றே தனி இடம் வைத்திருக்கும் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு. பழைய எழுத்துருவில் அடித்த வரியை வேறு மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துக் குப்பை வரும். அது புது மென்பொருளின் கோளாறு இல்லை. அங்கே இருந்தது என்றைக்குமே அந்த எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. யூனிகோடு எழுத்துக்கு நேர் எதிரான சிக்கல்: எழுத்து சரியாகவே இருக்கும், ஆனால் அதை வடிவமைக்கும் திறன் மென்பொருளுக்கு இருக்க வேண்டும்.

எந்த மென்பொருளையும் வாங்கும் முன் ஒரு நிமிடச் சோதனை செய்யுங்கள். "ஸ்ரீ மகா மாரியம்மன், கொடியேற்றம், நெய்வேத்தியம், கௌரி, சுக்லபக்ஷம்" என்று அடியுங்கள். ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ, 'க்ஷ' பிரிந்து நின்றாலோ அந்த மென்பொருளில், அல்லது அதன் அமைப்பில், தமிழ் இன்னும் திறக்கப்படவில்லை. 'ஸ்ரீ' மட்டும் உடைந்தால் சந்தேகம் விசைப்பலகை மீது விழ வேண்டும். ஸகரத்தில் தொடங்குவது, ஶகரத்தில் தொடங்குவது என்று 'ஸ்ரீ'க்கு யூனிகோடில் இரண்டு வரிசைகள் உண்டு. சில எழுத்துருக்களுக்கு ஒன்றுதான் தெரியும். மற்றதில் அடித்துப் பாருங்கள். கோயில் பெயர்ப் பலகையில் 'ஸ்ரீ' உடைந்தால் அதை யாரும் மறக்க மாட்டார்கள்.

கணினியும் மின்சாரமும். இரண்டாம் கை அலுவலகக் கணினி, 8 ஜிபி ரேம், 1366×768 திரை. இதுதான் பல கடைகளின் நிலை. இந்தத் திரையில் எல்லாப் பேனல்களையும் திறந்து வைத்தால் படம் தெரியும் இடம் அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். ரேமை விட முதலில் பெரிய திரை வாங்குங்கள் என்று சொல்லும் அளவுக்கு இது தொல்லை.

கணினி நின்றுபோவதற்கான காரணம் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. 10×4 அடி பேனர் என்றால் 120×48 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 36,000×14,400 புள்ளிகள், நான்கு நிறத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி. அதுவும் ஒரே ஒரு லேயருக்கு. 100 புள்ளி வைத்தால் அதே படம் சுமார் 230 எம்பி. சாலையோரத்தில் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 முதல் 100 வரை தாராளம். பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்துவிட்டு 1,000 புள்ளி வைக்கிறவர்கள் எதையும் மிச்சப்படுத்தவில்லை, கணக்கு ஒன்றேதான்.

மதியத்துக்கு மேல் இடி இடித்து மின்சாரம் கண் சிமிட்டுவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. சின்ன யூபிஎஸ் ஒன்று ஐந்து நிமிடம் தாங்கினால் கோப்பைச் சேமித்துவிடலாம். எந்த மென்பொருளானாலும் தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்து வையுங்கள்.

கைப்பழக்கம். சுட்டிச் சக்கரத்தை உருட்டினால் கோரல்டிராவில் படம் பெரிதாகும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இங்க்ஸ்கேப்பிலும் பக்கம் மேலும் கீழும் நகரும். பெரிதாக்க முன்னதில் ஆல்ட், பின்னதில் கண்ட்ரோல் பிடிக்க வேண்டும். அற்ப விஷயம் போலத் தோன்றும். ஒரு நாளைக்கு நூறு தடவை உருட்டுகிறவருக்கு இதுவே மென்பொருளை வெறுக்கப் போதுமான காரணம். இங்க்ஸ்கேப்பில் இதை அமைப்பில் மாற்றலாம். இல்லஸ்ட்ரேட்டரின் புதிய பதிப்புகளிலும் மாற்றலாம்.

காசு. விலைப்பட்டியலில் தெரிவதை விட்டுவிட்டு, தெரியாததை அந்தந்தப் பகுதியில் சொல்கிறோம். பொதுவானது ஒன்று: வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரி உண்டு; 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. சந்தா டாலரில் இருந்தால் வெள்ளியின் (ரிங்கிட்டின்) மதிப்பு இறங்கும் மாதத்தில் கட்டணமும் ஏறும்.

| | கோரல்டிரா | இல்லஸ்ட்ரேட்டர் | இங்க்ஸ்கேப் | கேன்வா |
|---|---|---|---|---|
| யூனிகோடு தமிழ் | எக்ஸ்6 பதிப்பு முதல் சரி | அமைப்பை மாற்றினால் சரி | நிறுவியதும் சரி | சரி, எழுத்துரு குறைவு |
| பழைய எழுத்துருக் கோப்புகள் | கைகொடுக்கும் | எழுத்துரு இருந்தால் | சோதித்துப் பார்க்கவும் | இலவசக் கணக்கில் வழியில்லை |
| ஆஃப்செட் கறுப்பு | முடியும் | முடியும் | ஸ்கிரிபஸ் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) துணை வேண்டும் | ஆகாது |
| ஸ்டிக்கர் வெட்டுதல் | மிகத் தோது | முடியும் | முடியும் | தோதில்லை |
| 8 ஜிபி கணினி | தாங்கும் | திணறும் | தாங்கும், நிழல் கூடினால் திணறும் | தாங்கும், இணையம் வேண்டும் |
| இணையம் இல்லாமல் | பெரும்பாலும் ஓடும் | 30 முதல் 99 நாள் வரை | எப்போதும் | ஓடாது |
| முக்கிய மறைசெலவு | பதிப்பு வேறுபாடு | ஒப்பந்த முறிவுக் கட்டணம் | கற்கும் நேரம் | திருத்த முடியாத கோப்பு |

## கோரல்டிரா

பேனர் கடை, ஸ்டிக்கர் கடை, முத்திரை செய்யும் கடை என்று நம் பக்கத்துச் சிறு அச்சுத் தொழிலில் கோரல்டிரா ஊறிப்போயிருக்கிறது. கோப்பை வாங்கிக்கொள்கிற கடையும் அதையே வைத்திருந்தால் பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். இதன் பலம் வேகம். பொருளைத் தேர்ந்தெடுத்துப் 'பி' தட்டினால் பக்கத்தின் நடுவில் நிற்கும். எஃப்4 தட்டினால் எல்லாம் திரைக்குள் அடங்கும். கண்ட்ரோல்-கியூ எழுத்தை கர்வ் ஆக்கும். பக்க அளவில் 150 அடி வரை போகலாம் என்பதால் இருபதடி பேனரையும் முழு அளவிலேயே வரையலாம்.

தொல்லை இரண்டு இடத்தில். முதலாவது பதிப்பு. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது. அச்சுக் கடையில் எக்ஸ்7 இருந்தால் 'சேவ் ஆஸ்' பெட்டியில் பதிப்பு எண் 17 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும். எக்ஸ்6-க்கு 16, எக்ஸ்8-க்கு 18. அப்படி இறக்கிச் சேமிக்கும்போது புதிய பதிப்பில் மட்டும் உள்ள விளைவுகள் மாறிப்போகலாம். ஆகவே இறக்கிய கோப்பை மூடி, திரும்பத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இரண்டாவது, திடீரென்று கருவிகள் காணாமல் போவது. "நேத்து இருந்த ஐகான் இன்னிக்கி இல்லை" என்ற புகார் பலரிடமிருந்து வருவதுதான். ஆல்ட் விசையைப் பிடித்தபடி ஐகானை இழுத்தால் அது பட்டையை விட்டே போய்விடும். அவசர வேலையில் தெரியாமல் நடப்பது. மென்பொருளைத் திறக்கும்போது எஃப்8 விசையை அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் நீங்களே வைத்த குறுக்குவிசைகளும் அதோடு போகும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே பணியிட அமைப்பை ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் வைத்துவிட்டு, பட்டையின் மேல் வலது சொடுக்கி 'லாக் டூல்பார்ஸ்' போட்டுவிடுங்கள்.

திறக்கவே மூன்று நிமிடம் ஆகிறது என்றால் எழுத்துருக் குவியலைப் பாருங்கள். "5,000 ஃபாண்ட்" என்று யாரோ கொடுத்த தொகுப்பை மொத்தமாக நிறுவிய கணினிகள் இப்படித்தான் மூச்சு வாங்கும். சில நூறுக்குள் வைத்துக்கொண்டு மற்றதை கோரல் ஃபாண்ட் மேனேஜரில் தேவைப்படும்போது மட்டும் எழுப்புங்கள்.

தமிழைப் பொறுத்தவரை 2012-இல் வந்த எக்ஸ்6 ஒரு எல்லைக்கோடு. அதற்கு முந்தியவற்றில் யூனிகோடு தமிழை நம்ப முடியாது. எக்ஸ்4-ஐ இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் பழைய எழுத்துருவை விட முடியாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

திருட்டுப் பிரதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வணிக இடத்தில் அதை வைத்திருப்பது குற்றம். அது ஒருபுறம். நடைமுறைத் தொல்லை என்னவென்றால், உரிமம் இல்லை என்று தெரிந்துகொண்ட அன்று மென்பொருள் சேமிப்பது, அச்சிடுவது, ஏற்றுமதி மூன்றையும் முடக்கிவிடும். அந்த நாள் தைப்பூசத்துக்கு முந்தின நாளாக இருக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

எப்போது இது: ஸ்டிக்கர், பேனர், பெயர் அட்டை என்று நாளுக்குப் பத்து வேலை வரும் கடை; பத்து வருடப் பழைய கோப்புகளைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டிய இடம்.

## இல்லஸ்ட்ரேட்டர்

1987 முதல் இருக்கிற மென்பொருள். ஆஃப்செட் அச்சகங்கள், விளம்பர நிறுவனங்கள் எதிர்பார்ப்பது இதைத்தான். நிறக் கட்டுப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை.

புதிதாக நிறுவியவுடன் தமிழ் உடைந்து வருவதுதான் முதல் எரிச்சல். மென்பொருளுக்குத் தமிழ் தெரியும், கதவு மூடியிருக்கிறது. எடிட், ப்ரிஃபரன்சஸ், டைப் என்று போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தட்டுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மூலைப் பட்டியலில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இந்த அமைப்பு பத்தி பத்தியாகத்தான் ஒட்டும் என்பதால், ஒரு வரியைச் சரிசெய்தால் அடுத்த வரி பழையபடி உடைந்து நிற்கும். வெற்றுக் கோப்பில் 'நார்மல் பாராகிராஃப் ஸ்டைல்' என்பதிலேயே இதை மாற்றி, டெம்ப்ளேட்டாகச் சேமித்து, எல்லா வேலையையும் அதிலிருந்து தொடங்கினால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. வரி இடைவெளியும் கவனம். தானியங்கி அளவான 120 விழுக்காட்டில் மேல்வரியின் 'லூ', 'ஷூ' கீழ்வரியின் 'கீ' மேல் போய் இடிக்கும். 135 முதல் 145 வரை வைத்துப் பாருங்கள்.

பெரிய வடிவமைப்பைச் சிறிதாக்கும்போது கோடு மட்டும் தடித்து நிற்பது இன்னொரு பொதுப் புகார். 'ஸ்கேல் ஸ்ட்ரோக்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' அணைந்திருப்பதுதான் காரணம்.

பேனருக்கு நிழல் போட்டதும் திணறினால் எஃபெக்ட் பட்டியலில் 'டாக்குமெண்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்' 300-இல் இருக்கும். 72-க்கு இறக்குங்கள். சாதாரண ஆர்ட்போர்டு 227 அங்குலத்தைத் தாண்டாது, அதாவது 19 அடிக்குச் சற்றுக் குறைவு. 20 அடி பேனருக்குப் பெரிய கேன்வாஸ் வகை வேண்டும், அல்லது பாதி அளவில் வரைந்து அச்சுக் கடைக்கு "இரண்டு மடங்கு" என்று தெளிவாக எழுதி அனுப்ப வேண்டும்.

மறைசெலவில் இதுவே முன்னணி. 2013-இலிருந்து அடோபி சந்தா முறைக்கு மாறிவிட்டது. மாதா மாதம் கட்டும் 'வருட ஒப்பந்தம்' பார்வைக்கு மலிவு. 14 நாள் கடந்து நிறுத்தினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்டச் சொல்லும். திருவிழா மாதத்துக்கு மட்டும் வாங்கலாம் என்று நினைப்பவர்கள் உண்மையான மாதச் சந்தாவைத்தான் எடுக்க வேண்டும், விலை கூடுதல். உரிமத்தைச் சரிபார்க்க இணையமும் வேண்டும். மாதச் சந்தாக்காரருக்கு 30 நாள், வருடச் சந்தாக்காரருக்கு 99 நாள் வரை தவணை உண்டு. 8 ஜிபி என்பது இதற்குக் குறைந்தபட்சம். ஃபோட்டோஷாப்பையும் பக்கத்தில் திறந்தால் 16 இல்லாமல் நிம்மதி இல்லை.

எப்போது இது: பட்டணத்து நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்து கொடுப்பவர், இதையே கற்று வெளியூர் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள். தனிக் கடைக்கு, வருமானம் மாதா மாதம் நிலையாக இல்லாவிட்டால், யோசித்துச் செய்யுங்கள்.

## இங்க்ஸ்கேப், கூடவே ஸ்கிரிபஸ்

இலவசம் என்பதால் மட்டமாக நினைக்கிறார்கள். யூனிகோடு தமிழை எந்த அமைப்பையும் தொடாமல் முதல் நாளே ஒழுங்காகக் காட்டுவது இதன் சிறப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், பலூ தம்பி, ஹிண்ட் மதுரை, கவிவனார் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களும் இலவசம். வணிக வேலைக்கும் தடையில்லை.

ஒரு பொறி உண்டு. தமிழ் இல்லாத ஏரியல் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தமிழ் அடித்தாலும் இங்க்ஸ்கேப் பிழை காட்டாது. சத்தமில்லாமல் விண்டோஸில் இருக்கும் நிர்மலா மாதிரி ஒரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டும். வேறு கணினியில் திறந்தால் எழுத்தின் முகமே மாறியிருக்கும். தமிழ் எழுத்துருவின் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

நிழல், மங்கல் விளைவுகள் கூடினால் நகரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். வியூ பட்டியலில் டிஸ்ப்ளே மோடை 'நோ ஃபில்டர்ஸ்' என்று வைத்து வேலை செய்து, கடைசியில் மட்டும் திருப்பிப் பாருங்கள். ஏற்றுமதிப் பெட்டியில் பக்கமா, வரைபடமா, தேர்ந்தெடுத்ததா என்பதைக் கவனிக்காமல் பாதிப் படத்தை அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது.

பெரிய குறை ஒன்றுதான்: இதிலிருந்து வரும் பிடிஎஃப் ஆர்ஜிபி. பேனருக்குக் கவலையில்லை. பத்திரிகைக்கு ஸ்கிரிபஸ் வேண்டும். படத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜி-யாகச் சேமித்து, ஸ்கிரிபஸில் இறக்கி, எழுத்தை அங்கேயே அடித்து, நிறத்தைச் சிஎம்ஒய்கே-யில் (அச்சின் நான்கு மைக் கணக்கில்) கறுப்பு மட்டும் 100 என்று வைத்து, 3 மில்லிமீட்டர் ப்ளீடோடு (வெட்டுவதற்காக ஓரத்தில் விடும் கூடுதல்) பிடிஎஃப் எடுக்க வேண்டும். தமிழுக்கு ஸ்கிரிபஸ் 1.6 அல்லது அதற்குப் பின் வந்தது வேண்டும், 1.4 தமிழை உடைக்கும். இரண்டு மென்பொருள் கற்கும் நேரம்தான் இங்கே செலவு. கோரல்டிராவில் கைதேர்ந்தவருக்கு முதல் மாதம் வேலை மெதுவாகத்தான் போகும். பழைய கோரல் கோப்புகளையும் ஓரளவு திறக்கும் என்றாலும், எழுத்து இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

எப்போது இது: ஆலயம், இளைஞர் மன்றம், காசு போட முடியாத புதுக் கடை, பேனரும் ஸ்டிக்கரும் அதிகம், பத்திரிகை குறைவு என்ற இடம்.

## கேன்வா

ஒரே மாலையில் போஸ்டர் வேண்டும், செய்பவருக்கு டிசைன் தெரியாது என்றால் இதை விட்டால் வேறில்லை. தகுதியுள்ள பள்ளி ஆசிரியர்களுக்குக் கல்விப் பதிப்பு இலவசம் என்பதால் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் எல்லாம் இதிலேயே முடிந்துவிடும்.

இலவசக் கணக்கில் சொந்த எழுத்துருவை ஏற்ற முடியாது, சிஎம்ஒய்கே பிடிஎஃப்-உம் எடுக்க முடியாது. காசு கட்டி சிஎம்ஒய்கே எடுத்தாலும் எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் என்று நீங்களே வைக்க வழியில்லை. இணையம் போனால் வேலையும் போச்சு. ஆனால் உண்மையான செலவு அடுத்த வருடம் தெரியும். தேதியை மட்டும் மாற்ற வேண்டும், வடிவமைத்த பையன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான், கணக்கு அவன் மின்னஞ்சலில். ஆலயத்துக்கோ சங்கத்துக்கோ பொதுவாக ஒரு கணக்கு திறந்து அதில் செய்தால் இந்தத் தலைவலி வராது.

இதிலிருந்து வரும் பிடிஎஃப்-ஐக் கோரல்டிரா வைத்திருக்கும் கடைக்கு அனுப்பினால் தமிழ் சிதறக்கூடும். இறக்குமதிப் பெட்டியில் எழுத்தை 'டெக்ஸ்ட்' என்று எடுக்காமல் 'கர்வ்ஸ்' என்று எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் புலனத்தில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் சுருங்கிப் போய், பேனரில் அம்மன் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எப்போது இது: திரையில் பார்ப்பது, பன்டிங், ஒரு நாள் நிகழ்ச்சி.

## அஃபினிட்டி பற்றி ஒரு வார்த்தை

2024-இல் கேன்வா வாங்கிய இந்த மென்பொருள் 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது. பலரும் கேட்கிறார்கள். படம், நிறம், வேகம் எல்லாம் அருமை. ஆனால் இரண்டாம் பதிப்பு வரை தமிழ்க் கொம்புகளை இடம் மாற்றிப் போட்டுத்தான் காட்டியது. மேலே சொன்ன சோதனை வரியை அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தேறாவிட்டால் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## மாறுவதென்று முடிவெடுத்தால்

முதலில் அச்சுக் கடைக்கு ஒரு அழைப்பு. எந்தப் பதிப்பு, பிடிஎஃப் வாங்குவார்களா, ப்ளீட் எவ்வளவு, பெயர் அட்டை 90×54 மில்லிமீட்டர்தானா என்று கேட்டு எழுதி மேசையில் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று எழுத்து எழுத்தாகவே இருக்கும் திருத்தக் கோப்பு, இன்னொன்று கர்வ் ஆக்கிய அச்சுக் கோப்பு. கர்வ் ஆக்கியதை மட்டும் வைத்திருந்தால் 'திரு' என்பதைத் 'திருமதி' ஆக்க முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். கடைப் பலகை வேலைக்கு மூன்றாவதாக ஒன்று: நகராண்மைக் கழக உரிமத்துக்கும் அரசு மொழி அமைப்பான டேவான் பஹாசாவின் மலாய் மொழிச் சரிபார்ப்புக்கும் கொடுத்த பிடிஎஃப்-ஐ அப்படியே பூட்டி வையுங்கள். பலகையில் அடிப்பது அதிலிருந்து ஓர் எழுத்து மாறினாலும் வாடிக்கையாளர்தான் அலைய வேண்டும்.

பழைய கோப்புகளை மொத்தமாக மாற்ற உட்காராதீர்கள். வாடிக்கையாளர் திரும்ப வரும்போது அந்த ஒன்றை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியில் சரியான குறியீட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குப்பை வேறு குப்பையாகும். எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால் பத்து எழுத்துள்ள ஒரு வரியை வைத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மாற்றிய பிறகு 'கௌ' இருக்க வேண்டிய இடத்தில் கொம்போடு ளகரம் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் இரண்டும் ஒரே விசையில் அடிக்கப்பட்டவை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பலர் புதுக் கணினியும் வாங்கும் நேரம் இது. பழைய கணினியை உடனே விற்றுவிடாதீர்கள். அதன் பழைய எழுத்துருக்களோடு, இணையத்தைப் பிடுங்கிவிட்டு, மூலையில் ஒரு வருடம் இருக்கட்டும். மாறும் வேலையைக் கல்யாணப் பத்திரிகை கேட்டு யாரும் வராத மார்கழியின் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பாதியில் தைப்பூசப் பேனர்கள் வரத் தொடங்கிவிடும்.